அச்சான புத்தகத்தை நான்கு களஞ்சிய நூலகங்களுக்கு அனுப்புவது எப்படி: சிறு பதிப்பாளருக்கும் சொந்தமாக நூல் வெளியிடுபவருக்கும் முழுமையான வழிகாட்டி

இந்தியாவில் புத்தகம் வெளியிடும் எவரும், அது வெளியான 30 நாளுக்குள் நான்கு பிரதிகளைத் தம் செலவில் கொடுத்தாக வேண்டும். ஒன்று கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு. மற்ற மூன்று சென்னை கன்னிமாரா பொது நூலகம், மும்பை டவுன் ஹாலில் உள்ள மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகியவற்றுக்கு. இந்த நான்கும்தான் களஞ்சிய நூலகங்கள்; அவற்றுக்குக் கொடுக்கும் பிரதிதான் வைப்புப் பிரதி. இப்படிச் சொல்வது 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் (பொது நூலகங்கள்) சட்டம். 1956இல் செய்தித்தாள்களும் இதில் சேர்க்கப்பட்டன.

அனுப்பாவிட்டால் 50 ரூபாய் வரை அபராதமும், அதோடு நூலின் மதிப்புக்கு ஈடான தொகையும் விதிக்கலாம். அதையும் மத்திய அரசு அதிகாரம் கொடுத்த அலுவலர் புகார் செய்தால்தான் நீதிமன்றம் விசாரிக்கும். ஆகவே பெரும்பாலும் யாரும் வந்து கேட்பதில்லை. கேட்காததால் மறந்துபோகிறது. இருநூறு பிரதி அச்சிட்ட நூல் ஐந்து ஆண்டில் கடைகளிலிருந்து மறைந்த பிறகு, ஆசிரியரே ஒரு பிரதிக்கு அலைகிறார். கீழே உள்ள வரிசை, மறக்க இடம் கொடுக்காதபடி அச்சுக்கு முன்பிருந்தே தொடங்குகிறது.

1. நான்கு வேலைகளை ஒன்றோடொன்று குழப்பாதீர்கள்

புதியவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். ஐஎஸ்பிஎன் எண் வாங்குவது, பதிப்புரிமையைப் பதிவு செய்வது, நூலக ஆணைக்கு விண்ணப்பிப்பது, களஞ்சிய நூலகங்களுக்குப் பிரதி கொடுப்பது ஆகிய நான்கும் தனித்தனி வேலைகள். ஒன்றைச் செய்தால் மற்றது செய்ததாக ஆகாது.

ஐஎஸ்பிஎன் என்பது நூலை அடையாளம் காணும் எண் மட்டுமே. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதைக் கட்டணமின்றி இணையவழி தருகிறது. எண் வாங்கியதும் நூல் அரசிடம் பதிவாகிவிட்டது என்று நினைப்பது தவறு. அந்த முகமையிடம் உங்கள் புத்தகம் இருக்காது.

நூலக ஆணை என்பது மாநிலப் பொது நூலகங்களுக்கு அரசு நூல் வாங்கும் திட்டம். அது விற்பனை. தேர்வுக்குக் கொடுத்த மாதிரிப் பிரதி வைப்புப் பிரதியாகக் கணக்கில் வராது. ஆணை கிடைத்து நூறு ஊர்களுக்கு நூல் போயிருந்தாலும் இந்த நான்கு பிரதிகளைத் தனியாக அனுப்பியே ஆக வேண்டும்.

பதிப்புரிமை, எழுதி முடித்த கணமே ஆசிரியருக்கு உண்டாகிவிடுகிறது. அதற்குப் பதிவும் தேவையில்லை, வைப்புப் பிரதியும் தேவையில்லை. அமெரிக்கப் பதிப்பாளர்களுக்காக எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்துவிட்டு, பதிப்புரிமை அலுவலகத்துக்குப் பிரதி போனாலே நாட்டு நூலகத்துக்கும் போய்விடும் என்று இங்கே சிலர் நம்புகிறார்கள். அங்கே பதிப்புரிமை அலுவலகம் நாடாளுமன்ற நூலகத்தின் ஓர் அங்கம். இந்தியாவில் இரண்டும் வேறு அலுவலகங்கள், வேறு சட்டங்கள்.

இன்னொரு குழப்பம் அண்மையில் சேர்ந்திருக்கிறது. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் இல்லை. அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம் பருவ இதழ்களுக்கு மட்டுமானது. அதனால் புத்தகம் எதையும் எங்கும் கொடுக்க வேண்டியதில்லை என்ற பேச்சு அச்சகங்களில் உலவுகிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

2. அனுப்பும் பொறுப்பு யாருடையது என்று முடிவு செய்யுங்கள்

சட்டம் பதிப்பாளரைத்தான் சொல்கிறது. அச்சகத்தார் இல்லை, ஆசிரியரும் இல்லை. நூலின் தலைப்புப் பக்கத்தில் வெளியீடு என்று யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பாளி. ‘பிரதிகளை ஆசிரியரே அனுப்பிக்கொள்வார்’ என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டாலும் பதிப்பாளரின் பொறுப்பு தீராது. மாறான ஒப்பந்தம் எது இருந்தாலும் பதிப்பாளர் கொடுக்க வேண்டும் என்று சட்டமே கூறுகிறது.

தேவைக்கேற்ப அச்சிட்டுத் தரும் நிறுவனம் வழியாக வெளியிடும் ஆசிரியர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் பெயர் வெளியீட்டாளராக இருந்தால் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: நான்கு நூலகங்களுக்கும் அனுப்புவீர்களா, ரசீதின் நகல் தருவீர்களா? நூலில் உங்கள் வீட்டு முகவரியே வெளியீட்டு முகவரியாக இருந்தால் வேலை உங்களுடையது.

எவையெல்லாம் புத்தகம்? எந்த மொழியிலும் அமைந்த ஒவ்வொரு தொகுதியும், தொகுதியின் பகுதியும், சிறு வெளியீடும், தனியாக அச்சான இசைத்தாளும், வரைபடமும் சேரும். பக்க எண்ணிக்கை குறைவு என்று விலக்கு இல்லை. கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி நூற்றாண்டு மலர், ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலர் போன்றவை வெளியிடுபவர்கள் தங்களைப் பதிப்பாளர் என்றே நினைப்பதில்லை. உள்ளூர் வரலாறு வேறெங்கும் பதிவாகாமல் இவற்றில்தான் கிடக்கிறது. அனுப்பப்படாமல் போவதும் இவையே. மலர்க் குழுவில் ஒருவருக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

அரசு வெளியீடுகளுக்கும் சட்டம் பொருந்தும். அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அச்சிட்டவைக்கே விலக்கு.

3. அச்சு எண்ணிக்கையில் எட்டுப் பிரதியைக் கூட்டிச் சொல்லுங்கள்

நான்கு களஞ்சிய நூலகங்களுக்கு, பின்னால் பதிப்புரிமைப் பதிவு செய்வதானால் இரண்டு, தபாலில் கெட்டுப்போனால் மாற்றி அனுப்ப ஒன்று, விற்கவே கூடாத அலுவலகப் பிரதி ஒன்று. ஆக எட்டு. நூறு பிரதி அச்சிடுபவர் விலை போடும்போதே இந்த எட்டின் அடக்கத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் வெளியீட்டு விழாவிலேயே அத்தனையும் போய்விடும்.

பைண்டிங்கிலிருந்து கட்டு வந்த அன்றே எட்டையும் எடுத்துத் தனியே கட்டி, மேலே ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதி வையுங்கள். ஒவ்வொன்றையும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். ஒரு ஃபாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுப்பு, பெரும்பாலும் 16 பக்கம்) விடுபட்டதும், ஒரே ஃபாரம் இருமுறை சேர்ந்ததும், தலைகீழாகக் கட்டியதும் விற்பனைப் பிரதியில் இருந்தால் வாங்கியவர் வந்து மாற்றிக்கொள்வார். களஞ்சியத்தில் போய்ச் சேர்ந்த பிரதியில் 16 பக்கம் இல்லையென்றால் நாட்டின் ஆவணத்திலேயே அந்த 16 பக்கம் இல்லை.

4. தலைப்புப் பக்கத்தையும் நூல் விவரப் பக்கத்தையும் சரிசெய்யுங்கள்

நூலகத்தில் பட்டியலிடுபவர் முன்னட்டையைவிடத் தலைப்புப் பக்கத்தையே நம்புவார். அட்டையில் ஒரு தலைப்பு, உள்ளே துணைத்தலைப்போடு வேறொன்று, முதுகில் சுருக்கம் என்று மூன்று விதமாக இருந்தால் தேடுபவருக்குக் கிடைக்காது. அச்சுக்குப் போகும் முன் மூன்றையும் ஒப்பிடுங்கள்.

விவரப் பக்கத்தில் இருக்க வேண்டியவை: தலைப்பு, பொருள் வகை, ஆசிரியர் பெயர், முதல் பதிப்பு வெளியான மாதமும் ஆண்டும், பதிப்பாளரின் முழு முகவரி, அச்சகத்தின் பெயரும் ஊரும், ஐஎஸ்பிஎன், பக்கம், அளவு, விலை, உரிமையாளர் பெயர். மொழிபெயர்ப்பானால் மூல நூலின் பெயர், மொழி, அது வெளிவந்த ஆண்டு, அனுமதி தந்தவர்.

ஆசிரியர் பெயரில்தான் தமிழ் நூல்களுக்குச் சிக்கல் அதிகம். ஒரே எழுத்தாளர் ஒரு நூலில் தலைப்பெழுத்தோடும், இன்னொன்றில் அது இல்லாமலும், மூன்றாவதில் ஊர்ப்பெயர் சேர்த்தும் இருப்பார். பட்டியலில் மூவராகிவிடுவார். ஒரு வடிவத்தை நிலைநிறுத்திக்கொள்ளுங்கள். புனைபெயரில் எழுதுபவர் சம்மதித்தால் இயற்பெயரையும் பிறந்த ஆண்டையும் விவரப் பக்கத்தில் தாருங்கள்.

பிறந்த ஆண்டு எதற்கு என்று கேட்கிறார்கள். ஒரே பெயரில் இருக்கும் இருவரைப் பிரித்தறிய உதவும் என்பது ஒன்று. பதிப்புரிமை எப்போது முடியும் என்பதை ஆசிரியரின் மறைவைக் கொண்டே கணக்கிட வேண்டும் என்பது அதைவிட முக்கியம். ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். 1970இல் எந்த நாளில் காலமாகியிருந்தாலும் 2030 டிசம்பர் 31 வரை. ஆளை அடையாளம் காண முடியாத புனைபெயர் நூலுக்கு, வெளியான ஆண்டிலிருந்து எண்ண வேண்டியிருக்கும். இன்று ஒரு வரி சேர்த்தால், நாளை அந்த நூலை மறுபடி அச்சிட நினைப்பவர் யாரிடம் அனுமதி கேட்பது என்று தவிக்க மாட்டார்.

உரிமை வரியில் பழக்கதோஷத்தால் ‘உரிமை: பதிப்பகத்தாருக்கு’ என்று போட்டுவிடாதீர்கள். ஆசிரியர் எழுத்துமூலம் உரிமையை எழுதிக்கொடுத்திருந்தால் மட்டுமே அது சரி.

5. எந்த நாளிலிருந்து 30 நாள் என்று குறித்துக்கொள்ளுங்கள்

பலரும் வெளியீட்டு விழா நடந்த நாளை எடுத்துக்கொள்கிறார்கள். நூல் டிசம்பர் கடைசியில் அச்சாகி ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் விற்றிருக்கும். விழா பிப்ரவரியில் நடக்கும். மக்களுக்குக் கிடைக்கத் தொடங்கிய நாள்தான் வெளியான நாள். முதல் பிரதி விற்ற தேதியை எழுதி, அதிலிருந்து 20ஆம் நாளை அனுப்பும் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பத்து நாள் தபாலுக்கு.

புத்தகக் காட்சிக்குப் பல தலைப்புகளை ஒன்றாகக் கொண்டுவருபவர்கள், காட்சி முடிந்த வாரத்திலேயே எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிடுவது நல்லது. அதைத் தாண்டினால் கணக்கு வழக்கு, திரும்பி வந்த கட்டுகள் என்று அடுத்த வேலைகள் வந்து இதை மூடிவிடும்.

6. எந்தப் பிரதி எங்கே போக வேண்டும்

நான்கும் ஒரே தரத்தில் இருந்தால் கவலையில்லை. ஒரே நூலைக் கெட்டி அட்டையிலும் சாதா அட்டையிலும், அல்லது இரு வகைத் தாளில் அச்சிட்டிருந்தால் சட்டம் வேறுபாடு காட்டுகிறது.

கொல்கத்தாவுக்குப் போவது சிறந்த பிரதியாக இருக்க வேண்டும்: எல்லா வரைபடங்களும் படங்களும் அடங்கியது, நல்ல பிரதிகளில் உள்ளது போன்ற வண்ணத்தில், தைத்தோ கட்டியோ முடித்தது, அந்த நூலுக்குப் பயன்படுத்தியவற்றில் சிறந்த தாளில் அச்சானது. மற்ற மூன்று நூலகங்களுக்கும் அதிகப் பிரதிகள் எந்தத் தாளில் அச்சானதோ அந்தத் தாளில், விற்பனைக்குப் போகும் நிலையிலேயே கொடுக்கலாம். மலிவுப் பதிப்பை நியூஸ்பிரிண்ட்டிலும் சில பிரதிகளை மேப்லித்தோ என்ற தரமான வெள்ளைத் தாளிலும் போட்டிருந்தால் மேப்லித்தோ கொல்கத்தாவுக்கு. நியூஸ்பிரிண்ட் பழுத்து நொறுங்கும் தாள். நீண்ட நாள் காக்கும் கடமை முதலில் தேசிய நூலகத்துடையது என்பதால் இந்த ஏற்பாடு.

இணைப்பாக வரும் மடித்த வரைபடம், குறுந்தகடு, தனிப் படத்தாள் எதையும் விட்டுவிடாதீர்கள். பசை போட்டு ஒட்டிய தடிமனான நூல்களை நூலகத்தார் ஒருநாள் மறுபடி பைண்டிங் செய்வார்கள். அப்போது முதுகை அறுப்பார்கள். உள் ஓரம் 15 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் எழுத்து தையலுக்குள் போய்விடும். 400 பக்கத்துக்கு மேல் போனால் 20 மில்லிமீட்டர் விட்டு, முடிந்தால் ஃபாரம் தையல் போடுங்கள். இதை வடிவமைப்பின்போதே சொன்னால்தான் உண்டு.

கசங்கிய, கறைபட்ட, ‘டேமேஜ்’ என்று ஒதுக்கிய பிரதிகளை இதற்குத் தள்ளிவிடும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நூறு ஆண்டு கழித்து மிஞ்சப்போவது அந்தப் பிரதியாக இருக்கக்கூடும்.

7. இணைப்புக் கடிதம் எழுதுங்கள்

ஒவ்வொரு நூலகத்துக்கும் தனிக் கடிதம், இரண்டு நகல். ஒன்று கட்டுக்குள், ஒன்று உங்கள் கோப்பில். முதல் வரியிலேயே ‘1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி அனுப்பப்படும் பிரதி’ என்று இருக்க வேண்டும். ‘அன்பளிப்பு’ என்றோ ‘தங்கள் நூலகத்துக்கு எங்கள் காணிக்கை’ என்றோ எழுதினால் பரிசாக வந்த நூல்களோடு சேர்ந்துவிட வாய்ப்புண்டு. நூலுக்குள் ஆசிரியர் கையெழுத்திட்டு வாழ்த்து எழுதி அனுப்புவதும் அதே குழப்பத்தைத் தரும். பிரதி விற்பனைக்குப் போகும் நிலையில் சுத்தமாக இருக்கட்டும்.

கடிதத்தில் ஓர் அட்டவணை போடுங்கள்: வரிசை எண், தலைப்பு, ஆசிரியர், மொழி, பதிப்பு, வெளியான தேதி, பக்கம், விலை, ஐஎஸ்பிஎன். கன்னிமாராவுக்குத் தமிழில் எழுதலாம். மற்ற மூன்றுக்கும் ஆங்கிலத்தில் எழுதி, தலைப்பை மட்டும் தமிழிலும் ரோமன் எழுத்திலும் தாருங்கள். கட்டைப் பிரிப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எந்த மொழி நூல் என்று தெரியாமல் அது ஒரு மூலையில் காத்திருக்கக் கூடாது.

ரோமன் எழுத்தில் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் சட்டப்படி கொல்கத்தாவுக்கு வரும் நூல்களை வைத்துத்தான் அங்குள்ள மத்தியக் குறிப்புதவி நூலகம் இந்திய தேசிய நூற்பட்டியலைத் தயாரிக்கிறது. அதில் எல்லா மொழி நூல்களும் ரோமன் எழுத்தில்தான் பதிவாகின்றன. நீங்கள் அனுப்பாத நூல் அந்தப் பட்டியலிலும் வராமல் போகும்.

8. கட்டி அனுப்புங்கள்

நான்கு முகவரிகள்:

தேசிய நூலகம், பெல்வெடேர், அலிப்பூர், கொல்கத்தா 700027.
கன்னிமாரா பொது நூலகம், பாந்தியன் சாலை, எழும்பூர், சென்னை 600008.
மத்திய நூலகம், ஏசியாட்டிக் சொசைட்டி வளாகம், டவுன் ஹால், ஃபோர்ட், மும்பை.
டெல்லி பொது நூலகம், டாக்டர் எஸ்.பி. முகர்ஜி மார்க், டெல்லி 110006.

நூலகங்களில் இதற்கென ஒரு பிரிவு இருக்கும். அனுப்பும் முன் அந்தந்த நூலகத்தின் இணையதளத்தில் பிரிவின் பெயரையும் இருப்பிடத்தையும் ஒருமுறை பார்த்து, உறையில் நூல் வழங்கல் சட்டப் பிரிவு என்று குறிப்பிடுங்கள். மும்பைக்கு அனுப்பும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஒரே கட்டடத்தில் ஏசியாட்டிக் சொசைட்டியின் சொந்த நூலகமும் இருக்கிறது. மத்திய நூலகம் என்பதை முதல் வரியில் எழுதாவிட்டால் கட்டு பக்கத்து அறைக்குப் போகும்.

முதலில் பிளாஸ்டிக் உறை, பிறகு இரு பக்கமும் அட்டை, அதன் மேல் பழுப்புத் தாள். மழைக்காலத்தில் பிளாஸ்டிக்கைத் தவிர்க்கவே கூடாது. முகவரியைக் கட்டுக்குள்ளும் ஒரு தாளில் வையுங்கள்.

சாதாரணப் புத்தகத் தபாலில் போடாதீர்கள். சேர்ந்ததற்குச் சான்று இருக்காது. பதிவுத் தபாலில் அனுப்புவதே நெடுங்காலம் நடைமுறையாக இருந்தது. அந்தச் சேவை 2025இல் விரைவு அஞ்சலோடு சேர்க்கப்பட்டுவிட்டதால் இப்போது விரைவு அஞ்சலே பொருத்தம். 2025 மே மாதம் வந்த, புத்தகங்களுக்கான அஞ்சல் சேவையான ஞான் போஸ்ட் மலிவானது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. கண்காணிப்பு எண்ணும் உண்டு. ஆனால் அது தரைவழியே மெதுவாகப் போகும்; உள்ளே கடிதம் வைப்பதிலும் கட்டுப்பாடு உண்டு. ஒன்றிரண்டு நூலானால் விரைவு அஞ்சலில் கடிதத்தோடு அனுப்புங்கள். பல நூல்கள் சேர்ந்த கனமான கட்டுக்கு, அஞ்சலக முகப்பில் கேட்டுக்கொண்டு ஞான் போஸ்ட்டில் போட்டு, கடிதத்தைத் தனியே அனுப்பலாம். எடைக் கணக்குக்கு: 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளில் 200 பக்க டெமி (வழக்கமான நாவல் அளவு) நூல் சுமார் 260 கிராம் வரும். கட்டிய பிறகு 300ஐத் தாண்டிவிடும்.

சென்னையில் இருப்பவர்கள் கன்னிமாராவுக்கு நேரில் ஆள் அனுப்பிக் கொடுக்கலாம். கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும்.

9. ரசீது வரும்வரை கோப்பை மூடாதீர்கள்

பிரதியைப் பெற்றதும் எழுத்துமூலம் ரசீது கொடுப்பது நூலகத்தின் சட்டக் கடமை. கொடுத்ததற்கு அதுவே ஆதாரம். தபால் சீட்டு, அனுப்பியதற்கு மட்டும்தான் சாட்சி.

ஒரு நோட்டில் நூலுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: வெளியான தேதி, கெடுத் தேதி, நான்கு நூலகத்துக்கும் அனுப்பிய தேதி, கண்காணிப்பு எண், சேர்ந்த தேதி, ரசீது எண். கண்காணிப்பில் ‘வழங்கப்பட்டது’ என்று காட்டிய பக்கத்தை அன்றே படம் எடுத்து வையுங்கள். சில வாரம் போனால் அந்தத் தகவல் இணையத்தில் கிடைக்காது. இரண்டு மாதமாகியும் ரசீது வராவிட்டால் கண்காணிப்பு எண்ணோடு கடிதம் எழுதுங்கள். கட்டு திரும்பி வந்தால் அட்டை மடங்கியிருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துவிட்டு, மாற்றுப் பிரதியை அனுப்புங்கள்.

ஓர் ஆண்டு கழித்துத் தேசிய நூலகம், கன்னிமாரா இரண்டின் இணையப் பட்டியலிலும் தேடிப் பாருங்கள். ஐஎஸ்பிஎன் எண்ணால் தேடுவது எளிது. தலைப்பால் தேடினால் தமிழிலும் ரோமன் எழுத்திலும் முயலுங்கள். ழ, ற, ண வரும் சொற்களை நாம் பேச்சுவழக்கில் எழுதும் ஆங்கில எழுத்துக்களும் நூலகத்தார் பயன்படுத்தும் ரோமன் முறையும் ஒன்றல்ல. பெயரோ ஆண்டோ தவறாக இருந்தால் ரசீது எண்ணைக் குறிப்பிட்டு எழுதித் திருத்தச் சொல்லுங்கள்.

10. மறு அச்சுக்கு அனுப்ப வேண்டுமா?

எழுத்திலும் படத்திலும் எந்தச் சேர்க்கையும் மாற்றமும் இல்லாமல் மீண்டும் அச்சிட்டால், முந்தைய பதிப்பின் பிரதி ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தால், திரும்ப அனுப்ப வேண்டியதில்லை. இந்த இரண்டு நிபந்தனையும் சேர்ந்து இருக்க வேண்டும். முதல் பதிப்பை அனுப்பத் தவறியவர் இரண்டாம் அச்சுக்கு விலக்குக் கேட்க முடியாது.

தமிழில் வெறும் மறு அச்சையும் ‘இரண்டாம் பதிப்பு’ என்று போடும் வழக்கத்தால் யாருக்கும் எது எது என்று தெரிவதில்லை. மாறாதது மறு அச்சு; திருத்தியது பதிப்பு. விவரப் பக்கத்தில் இரண்டையும் தேதியோடு பிரித்துப் போடுங்கள். புதிய முன்னுரை ஒன்று சேர்ந்தாலே அது சேர்க்கைதான், அனுப்புங்கள்.

தமிழ்நாட்டில் நாட்டுடைமையான நூல்களையும், உரிமைக் காலம் முடிந்த நூல்களையும் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அப்படி அச்சிடும்போது வேறொரு பதிப்பகம் எப்போதோ அனுப்பியிருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். எழுத்துக்கோப்பு புதிது, முன்னுரை புதிது, சில வேளை பாடமே வேறு. உங்கள் பதிப்பு தனியாகப் போக வேண்டும்.

11. இதழ் நடத்துபவர்களுக்கு

செய்தியோ செய்தி பற்றிய கருத்தோ தாங்கி வரும் அச்சு இதழானால், ஒவ்வொரு இதழும் வெளியானவுடனே போக வேண்டும். இங்கே 30 நாள் அவகாசம் இல்லை. ஆண்டு இறுதியில் பன்னிரண்டையும் சேர்த்து அனுப்பினால் இடையில் ஒன்று கட்டாயம் காணாமல் போயிருக்கும். சந்தாதாரர் முகவரிப் பட்டியலின் தலையில் நூலகங்களின் முகவரிகளை நிரந்தரமாகச் சேர்த்துவிடுவதே சுலபமான வழி.

இதழ் எண்ணில் கவனம் வேண்டும். இரண்டு மாத இதழை ஒன்றாக்கினால் ‘இதழ் 7, 8’ என்று இரண்டு எண்ணையும் போடுங்கள். எண் தவறினால், வெளிவராத இதழுக்காக நூலகம் பைண்டிங் செய்யாமல் காத்திருக்கும்.

12. மின்னூலாக மட்டும் வெளியிடுபவர்கள்

1954ஆம் ஆண்டுச் சட்டம் அச்சான நூலைத்தான் அறியும். கிண்டிலில் மட்டும் வெளியான நாவலுக்கு வைப்புக் கடமை கிடையாது. ஆகவே காக்கும் ஏற்பாடும் கிடையாது. விற்பனைத் தளம் நூலை நீக்கினால் எங்குமே இருக்காது. இப்போதைக்குச் செய்யக்கூடியது, தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் பத்துப் பிரதியாவது அச்சிட்டு வெளியிட்டு, நான்கை அனுப்பிவிடுவது.

உங்களிடம் உள்ள கோப்பையும் பாருங்கள். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் பழைய கோப்பும், பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய உரையும் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறிகளாகத் தெரியும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. யூனிகோடுக்கு மாற்றிய உரையும் அச்சுக்குப் போன பிடிஎஃப்பும் இரண்டு இடங்களில் இருக்கட்டும். மாற்றியதும் ஒகர, ஓகாரக் கொம்புகளையும் க்ஷ, ஸ்ரீ எழுத்துக்களையும் சரிபாருங்கள். உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

13. கொடுத்தபின் உரிமை யாரிடம்?

உங்களிடம்தான். நூலகத்துக்குப் போவது அச்சுப் பிரதி ஒன்றின் உடைமை மட்டும். நூலகம் அதை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடுமோ என்று பயந்து அனுப்பாதவர்கள் இருக்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வரம்பைச் சொல்கிறது. இலாப நோக்கற்ற பொது நூலகம், தன்னிடம் அச்சுப் பிரதி இருக்கும் நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம். 2012 திருத்தத்தில் வந்தது இது. இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலானால், தன் பயன்பாட்டுக்கு மூன்று நகல்கள் வரை எடுத்துக்கொள்ளலாம். பொதுமக்களுக்கு இணையத்தில் வெளியிட இவை இடம் தரவில்லை.

உற்றுப் பார்த்தால் இந்த இரண்டு சலுகையும் எங்காவது ஒரு பிரதி கைக்குக் கிடைத்தால்தான் பயன்படும். கரையான் அரித்த நூலைப் படியெடுத்துக் காக்க நூலகத்துக்கு அனுமதி இருக்கிறது. அனுப்பவே படாத நூலுக்கு அந்த அனுமதியால் ஒன்றும் நடக்காது.

14. பதிப்புரிமைப் பதிவு, விரும்பினால்

இதை வைப்புக்குப் பிறகு வையுங்கள். கெடு இல்லாத வேலை இது. கெடு உள்ளதை முடித்துவிட்டு வாருங்கள்.

படிவம் 14இல் இணையவழி விண்ணப்பிக்கலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். நூலின் இரண்டு பிரதி தேவை. பதிப்பாளர் விண்ணப்பித்தால் ஆசிரியரின் ஆட்சேபமின்மைக் கடிதமும், ஆசிரியர் விண்ணப்பித்தால் பதிப்பாளரின் ஆட்சேபமின்மைக் கடிதமும் சேர்க்க வேண்டும். விண்ணப்பத்துக்கான நாட்குறிப்பு எண் (டைரி எண்) கிடைத்ததும், ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள். பிறகுதான் பரிசீலனை. பதிவுச் சான்று, வழக்கு வந்தால் முதற்கட்ட ஆதாரமாக நிற்கும்.

15. விட்டுப்போன பழைய நூல்கள்

30 நாள் கடந்துவிட்டது, இனி அனுப்பி என்ன பயன் என்று விடாதீர்கள். தாமதமாக வந்தாலும் நூலகத்துக்கு நூல் நூல்தான். பதிப்பகத்தின் தலைப்புப் பட்டியலை எடுத்து, கன்னிமாரா, தேசிய நூலகப் பட்டியல்களில் ஒவ்வொன்றாகத் தேடி, இல்லாதவற்றைக் குறியுங்கள். கிடங்கில் ஐந்துக்கும் குறைவாகப் பிரதி மிஞ்சியிருப்பவற்றை முதலில் அனுப்புங்கள். கட்டுக்கட்டாக இருப்பவை அடுத்த மாதம் போகலாம். ஒரே பிரதி இருந்தால் கொல்கத்தாவுக்குக் கொடுங்கள். அனுப்பும் முன் அதை முழுதாக வருடியெடுத்து (ஸ்கேன் செய்து), மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஆசிரியருடைய சம்மதத்தோடு அதிலிருந்து சில பிரதிகள் அச்சிட்டு, எந்த ஆண்டு மூலத்தின் மறு அச்சு என்று விவரப் பக்கத்தில் குறிப்பிட்டு அனுப்பலாம்.